ஒன்பது மணிப் பனி

ஏப்ரல் 1, புதன்

பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார்தான் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். அதுதான் முறை. நாங்களோ மூட்டை கட்டிக்கொண்டு அவர்களிடம் வந்திருக்கிறோம். அதுவும் வீட்டுக்கு அல்ல; மலைக்கு மேலே, கூரை வரை பனியில் புதைந்து கிடக்கிற ஒரு மரக்குடிலுக்கு. ஒஸ்லோவில் யாராவது கேட்டால் ஈஸ்டர் விடுமுறைக்குப் போனோம் என்றுதான் சொல்லப்போகிறேன்.

சங்கவிக்காகத்தான் வந்தேன். "அம்மா, எய்ரிக்கின்ர அம்மாவோட ஒருக்கா வந்து இருந்து பாருங்கோ. அதுக்குப் பிறகு நீங்கள் ஓம் எண்டாலும் சரி, இல்லை எண்டாலும் சரி, நான் கேக்கிறன்" என்றாள். கேட்பாள். என் மகள் சொன்ன சொல் தவறமாட்டாள். என்னிடம் பதில் ஏற்கெனவே இருக்கிறது. இல்லை என்பதுதான் அது. திங்கட்கிழமை திரும்பிப் போகும்போது காரில் சொல்லிவிடுவேன்.

தெரு முடிகிற இடத்தில் காரை விட்டுவிட்டு, ஏழு கிலோமீட்டர் பனிக்கு மேலால் வரவேண்டும். பிள்ளைகள் காலில் சறுக்குப்பலகை கட்டி ஸ்கீயில் போனார்கள். இவரும் போனார்! வடக்கில் மீன் ஆலையில் வேலை செய்த காலத்தில் பழகினாராம். இத்தனை வருடக் குடித்தனத்தில் இதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னையும் பெட்டிகளையும் பக்கத்துப் பண்ணைக்காரனின் பனி ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒரு வண்டியில் கட்டி ஏற்றினார்கள்.

எய்ரிக்கின் தாய் பெயர் ரன்டி. பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறாள். புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போய் பேர்கனில் வேறொருத்தியோடு இருக்கிறானாம். இதையும் ஏதோ பஸ் பிந்தியதைச் சொல்வதுபோலச் சொன்னாள். வாசலில் என்னைக் கண்டதும், "நீ கமலாசனியா? நல்லது" என்று கையில் ஒரு மண்வெட்டியைத் தந்தாள். கதவடியில் பனி அள்ளவேண்டுமாம். இந்த மொழியில் எல்லோருக்கும் 'நீ'தான் என்பது எனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் சம்பந்தியாக வரப்போகிறவளுக்கு, வந்து இறங்கிய கையோடு மண்வெட்டியா?

மின்சாரம் இல்லை. குழாய் இல்லை. பனியை அள்ளி அடுப்பில் உருக்கினால்தான் தண்ணீர். கக்கூசு வெளியே, பலகையில் ஓட்டை போட்ட குழிக் கக்கூசு. அதை ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் நான் விமானம் ஏறினேன். இவர்கள் காசைக் கொட்டி அதையே மலையில் கட்டி வைத்துக்கொண்டு, இதுதான் விடுமுறை என்கிறார்கள்.

நான் இரண்டு நாள் நின்று செய்த பயத்தம் உருண்டை டின்னை ரன்டியிடம் கொடுத்தேன். திறந்து ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இது மலைக்கு நல்ல சாப்பாடு" என்று முதுகுப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். பலகாரத்தைக் கட்டுச்சோறு ஆக்கிய சம்பந்தியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

நல்ல குளிர். வானம் துடைத்துவிட்ட மாதிரி. பனி காய்ந்த மாவாகக் கிடக்கிறது. மிதித்தால், வறுத்த அரிசி மாவை விரலால் அமத்தும்போது வருகிற அதே சத்தம்.

எல்லோரும் வெளியே சுவரோடு சாய்ந்து, சூரியனைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்து தோடம்பழம் தின்கிறார்கள். ஒருவரும் ஒன்றும் கதைப்பதில்லை. ஒரு மணி நேரம்! விருந்தாளியை அழைத்துவிட்டு இப்படி வாய் பேசாமல் இருக்க இவர்களுக்கு எப்படி முடிகிறது? நான் கதைக்க வாயெடுத்தபோது ரன்டி கண்ணைத் திறந்து, புன்னகைத்து, இன்னொரு தோடம்பழத்தை நீட்டினாள்.

பிறகு இவர் ஆரம்பித்தார். "இஞ்சாரும், நீர் ஒருக்கா ஏறிப் பாருமன்."

"விசர்க்கதை கதையாதேங்கோ. இந்த வயசில கால் முறிஞ்சால் ஆர் பாக்கிறது?"

"நான் பாப்பன்."

"நீங்கள் பாத்த வடிவு எனக்குத் தெரியும்."

வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாததால் மட்டும்தான் ஏறினேன். ரன்டியின் பழைய சப்பாத்து அளவாக இருந்தது. குடிலுக்கு முன்னால் சமதரையில் பத்து அடி போனேன், விழுந்தேன். எழும்பினேன், விழுந்தேன். எய்ரிக் ஓடி வந்து தூக்கி, "கமலாசனி, முழங்காலை மடக்கு" என்றான். பெயரைச் சொல்லி! என் அம்மாகூட என்னை அப்படி முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமி என்று சொல்ல இவனுக்கு ஒருத்தரும் பழக்கவில்லையா என்று சங்கவியிடம் கேட்டேன். "பழகுறான் அம்மா. சொல்ல வெக்கப்படுறான்" என்றாள்.

அவனோடு அவள் நோர்வே மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். எனக்குத் தெரியாத சிரிப்பு அது. என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

மழை! மலை உச்சியில், பனிக்கு மேல், மழை. ஒரே இரவில் காற்று மாறிவிட்டது. நேற்று மாவாக இருந்தது இன்று நனைந்த பஞ்சு. இவர் வீம்புக்கு வெளியே போய், ஸ்கீக்கு அடியில் கட்டி கட்டியாகப் பனி ஒட்டி, உயரமாகி, தள்ளாடித் திரும்பி வந்தார். நன்றாக வேண்டும்.

மத்தியானம் மீன் சூப். வெள்ளிக்கிழமையில் நான் மச்சம் தொடமாட்டேன் என்று சங்கவி சொல்லி வைக்கவில்லையா என்று கோபம் வந்தது. பார்த்தால் ரன்டி எனக்கு மட்டும் தனியாக ஒரு சட்டியில் உருளைக்கிழங்கு வைத்திருக்கிறாள். உப்பே இல்லை. மிளகாய்த்தூளைக் கொட்டித்தான் சாப்பிட்டேன். அந்தச் சட்டி புதிது. அடியில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

மாலை. மழை விடவில்லை.

ஏப்ரல் 4, சனி

இரவில் எல்லாம் உறைந்துவிட்டது. நேற்றைய பஞ்சு இன்று சீமெந்து. மேலே கண்ணாடி மாதிரி ஒரு ஓடு பிடித்திருக்கிறது. மாட்டைக் கட்டி நடத்தலாம், உடையாது. ரன்டி எனக்கு விளங்கப்படுத்தினாள்: இந்தக் காலத்தில் பனி காலையில் நம்மைத் தாங்கும், வெயில் ஏறினால் உள்ளே அழுகிவிடும், பிறகு கால் வைத்தால் இடுப்பு வரை போகும். அதனால் எதுவானாலும் காலையிலேயே. மூன்று நாளில் அவள் என்னிடம் கதைத்த நீளமான கதை இதுதான். அதுவும் பனியைப் பற்றி. கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்த ஓட்டில் ஸ்கீ வழுக்காமல் பிடிக்க, டியூபில் இருந்து ஒரு பசையை எடுத்து அடியில் பூசினாள். ஐயோ, அது பலாப்பால்! கையில், மேசையில், அவள் தலைமயிரில், என் கம்பளிச் சட்டையில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. அவள் கடுதாசியால் தேய்த்துத் தேய்த்து இன்னும் பரப்பினாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்து, சமையல் எண்ணெயை ஊற்றி, பலாப்பழம் வெட்டிய கையைக் கழுவுகிற மாதிரி உருவி விட்டேன். சுத்தமாகப் போய்விட்டது. விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை யார் உனக்குச் சொல்லித்தந்தது?" என்றாள். பலாப்பழத்துக்கு நோர்வே மொழியில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

குடிலுக்குப் பின்னால் ஒரு சின்ன இறக்கம். போகமாட்டேன் என்றேன். ரன்டி முன்னால் போனாள், பார்த்துக்கொண்டு நின்றேன், ஸ்கீ தானாகப் புறப்பட்டுவிட்டது. கீழே போய்ச் சேரும்வரை நான் கத்தினேன். இவர் அதைச் சிரிப்பு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். சிரிப்பு இல்லை, கத்தல்.

நாலு தரம் போனேன். பனி நன்றாக இருந்ததால் மட்டும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மூடுபனி. ஜன்னலுக்கு வெளியே கக்கூசுகூடத் தெரியவில்லை.

சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிய ரன்டியிடம் பண்ணைக்காரன் தொலைபேசியில் சொல்லிவிட்டான்: வெள்ளிக்கிழமை மழையில் ஏரிப் பனிக்கட்டிக்கு மேல் தண்ணீர் நிற்கிறதாம், ஸ்கூட்டர் கொண்டுவர முடியாதாம். ஆக, நாளை நானும் ஏழு கிலோமீட்டர் ஸ்கீயில்! பெட்டிகளை மட்டும் ரன்டி கையால் இழுக்கிற சறுக்குவண்டியில் கொண்டுவருவாளாம். இது முன்பே தெரிந்திருந்தால் வந்தே இருக்கமாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இவர்களுக்கு முன்னால் காட்டிக்கொள்ளவில்லை.

ரன்டி சொன்னாள், "ஏழரைக்கு வெளிக்கிடுவம். ஓடு நல்லாத் தாங்கும். நீ நடந்துகூட வரலாம்."

நாளை திங்கள். ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். ஒன்பதுக்குப் பிறகுதான் வெளிக்கிடலாம் என்றேன்.

"அப்ப ஏழு மணிக்கு முன்னமே போவம் அம்மா" என்றாள் சங்கவி.

"முழுகாம, சாமி கும்பிடாம, விடியப்புறம் ஓடச் சொல்லுறியோ? பனியை உருக்கித் தண்ணி வைக்கவே ஒரு மணித்தியாலம் வேணும்."

"அம்மா, இது பஸ் இல்லை. பனி. எங்களுக்காக நிக்காது."

"நாளைக்கு நான் சும்மா போகேல்லை, பிள்ளை. உனக்கு ஒரு பதில் சொல்லப் போறன். அதை ராகுகாலத்தில வெளிக்கிட்டு வந்து சொல்லமாட்டன்."

அவள் முகம் வெளுத்துப்போனது. என்ன பதில் என்று அவள் ஊகித்திருக்க வேண்டும். எய்ரிக் தாயைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ நெடுநேரம் சொன்னான். எனக்கு எதிராகத்தான் கதைக்கிறார்கள் என்று தெரியும். கதைக்கட்டும். எங்கள் வழக்கத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் பொறுக்கமுடியாதவர்களுக்கு நான் பெற்று வளர்த்த பிள்ளை வேண்டுமாமா?

ஏப்ரல் 6, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். முழங்காலில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எல்லாவற்றையும் எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

காலையில் வானம் வெளித்திருந்தது. பிள்ளைகள் ஏழு மணிக்கே சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ரன்டி வெளியே போய்ப் பனியைத் தடியால் குத்திப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், உள்ளே வந்தாள். பிறகு பேசாமல் தன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கோப்பிக் கேத்தலைத் திரும்ப அடுப்பில் வைத்தாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒன்பது மணி தாண்டியதும், விபூதி பூசிக்கொண்டு, வலது காலை முன்வைத்து வெளிக்கிட்டேன். முதல் ஒரு கிலோமீட்டர் ராசாத்தி மாதிரிப் போனேன். ஏரியைச் சுற்றி வரும்போது காலுக்குக் கீழே சத்தம் மாறியது. கடகடவென்று இருந்தது இப்போது சளசளவென்று கேட்டது. பிறகு வெயில் பக்கத்துக்கு வந்தோம். இடது ஸ்கீ ஓட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. நானும் போனேன், தொடை வரை.

எழும்பினால் மற்றக் கால் போகிறது. தடியை ஊன்றினால் தடி போகிறது. சப்பாத்துக்குள் தண்ணீர். இவர் என்னைத் தூக்க வந்து தானும் புதைந்தார். நான் பனியைத் திட்டினேன், ஏரியைத் திட்டினேன், ஸ்கூட்டர்காரனைத் திட்டினேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வழி ஒரு சரிவுக்குக் கீழால் போகிறது. ரன்டி எல்லோரையும் நிறுத்தி, மேலே இருக்கிற பனி சரிந்து விழலாம், ஒவ்வொருவராகத்தான் போகவேண்டும் என்றாள். சங்கவி முதலில் போனாள். பாதி வழியில் இருக்கும்போது நிலத்துக்கு அடியில் இருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய மிருகம் ஒன்று மூச்சு விட்ட மாதிரி. எங்கள் காலடியில் பனி ஒரு விரலளவு இறங்கியது. ரன்டி கையை உயர்த்தி, "சங்கவி, அசையாதே!" என்றாள். என் பிள்ளை அந்தச் சரிவுக்குக் கீழே சிவப்புச் சட்டையோடு தனியாக நின்றாள். மேலே அவ்வளவு பனியும் வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது. எனக்குக் கத்த வாய் வரவில்லை. எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்றும் நினைவில்லை.

ஒன்றும் விழவில்லை. ரன்டி தன் முதுகுப்பையைக் கழற்றி எறிந்துவிட்டு, எய்ரிக்கைக் கையால் தடுத்துவிட்டு, தானே போனாள். சங்கவியின் தடம் மாறாமல் மெல்ல மெல்லப் போய், அவளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தாள். எய்ரிக்கைக்கூட விடவில்லை. தன் பிள்ளையை நிறுத்திவிட்டு என் பிள்ளைக்காகப் போனாள்.

அதற்குப் பிறகு காட்டுக்குள்ளால் சுற்றுவழி. என் முழங்கால் அதற்குள் வீங்கிவிட்டது. ரன்டி வண்டியில் இருந்த பெட்டிகளை ஒரு மரத்தடியில் இறக்கிவைத்துவிட்டு, "ஏறு" என்றாள்.

"மாட்டன்" என்றேன்.

"ஏறு, கமலாசனி."

ஏறினேன். ஒரு சாமான் மாதிரி, கம்பளியால் சுற்றி, பட்டி போட்டுக் கட்டி, என்னை இழுத்துக்கொண்டு போனாள். என் வயதுக்காரி. கழுத்தில் வியர்வை ஓடியது. சங்கவி பின்னால் அழுதுகொண்டே வந்தாள். இப்படி ஒரு அவமானம் என் வாழ்க்கையில் நடந்ததில்லை.

ஒரு மேட்டில் இளைப்பாற நின்றோம். ரன்டி நெஞ்சுப் பையில் இருந்து பயத்தம் உருண்டைகளை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தாள். அவள் உடம்புச் சூட்டில் இளகி இருந்தன. என்னுடையதை வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"பனி இப்பிடி ஆகும் எண்டு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பிறகேன் பேசாமல் கோப்பி ஊத்தினாய்?"

அவள் நெஞ்சுப் பையை மூடினாள். "அது உனக்குக் கெட்ட நேரம் எண்டு எய்ரிக் சொன்னான். நீ என்ர வீட்டிலையிருந்து மனக்குறையோட போறது எனக்குப் பிடிக்கேல்லை. பனியை நான் சமாளிப்பன் எண்டு நினைச்சன். பிழை. உன்ர பிள்ளையை அதுக்குக் கீழ விட்டிருக்கக்கூடாது." அதற்குப் பிறகு, தயங்கித் தயங்கி, "ஒண்டு கேக்கலாமா? நேற்று மேட்டில சிக்னல் கிடைச்ச இடத்தில அதைப்பற்றி வாசிச்சனான். அந்த நேரத்தைச் சூரியன் உதிக்கிறதை வைச்சுத்தான் கணக்குப் பாக்கிறது எண்டு போட்டிருந்தது. இங்கத்தைச் சூரியனுக்கு அது எட்டு மணிக்குப் பிறகுதான் தொடங்குது. பத்துக்குக் கிட்டத்தான் முடியுது. நீ ஒன்பதுக்கு எண்டாய். உங்கட ஆக்கள் வேறை மாதிரிப் பாக்கிறதாக்கும் எண்டு பேசாம இருந்திட்டன்."

இவர் இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏழரை முதல் ஒன்பது! சமையலறைச் சுவரில் தொங்குகிற கலண்டரில் அப்படித்தான் இருக்கிறது. அது ஊர்ச் சூரியனுக்குப் போட்ட கணக்கு. இங்கே பனிக்காலத்தில் ஒன்பது மணிக்குத்தான் விடிகிறது, கோடையில் இருட்டுவதே இல்லை, எனக்கு ஏன் இது ஒரு நாளும் தோன்றவில்லை? இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நல்ல நேரத்தில் வீட்டுக்குள் ஒளித்திருந்துவிட்டு, சரியாக ராகுகாலம் பார்த்து வெளிக்கிட்டிருக்கிறேன். வீட்டுக்குக் கையெழுத்து வைத்தது, வேலைக்குப் போனது, சங்கவியை ஆஸ்பத்திரியில் இருந்து தூக்கி வந்தது, எல்லாம் எந்த நேரத்தில் செய்தேனோ! அந்தக் கலண்டரை அச்சடித்தவனை என் கையில் தாருங்கள். இலவசமாகக் கொடுக்கிற கடைக்காரனையும்தான்.

கார் வெளிக்கிட்டதும் சங்கவி திரும்பினாள். கண் வீங்கியிருந்தது. "அம்மா, இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. நீங்கள் களைச்சுப் போனியள்."

"சொல்லத்தான் போறன். அந்த மனிசிக்குச் சொல்லு. முறையெண்டு ஒண்டு இருக்கு. பெண் கேட்டு அவதான் எங்கட வீட்டை வரவேணும். பலகாரத்தோட. என்ர கலண்டரைப் பாக்காமல், இங்கத்தைச் சூரியனுக்கு நேரம் பாத்து வரச் சொல்லு."

சங்கவி அதை நோர்வே மொழியில் எய்ரிக்கிடம் சொன்னாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான். இப்போது எனக்குத் தெரியும்.

எய்ரிக் கார் ஓட்டிக்கொண்டு, "நன்றி, மாமி" என்றான். உச்சரிப்பு படுமோசம்.

ஏப்ரல் 18, சனி

பத்தரைக்கு மேல் வரலாம் என்று சொல்லியிருந்தேன். பழக்கதோஷம், சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பது முதல் பத்தரை என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. விடியப்புறம் எழும்பி வடை, பாயாசம் எல்லாம் செய்துவைத்தேன்.

பத்தரைக்குச் சரியாக ரன்டியின் கார் வந்து வாசலில் நின்றது. இறங்கவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டுகிறது. வடை ஆறுகிறது. என்ன மனுஷி இவள், வாசல் வரை வந்துவிட்டு உள்ளே வராமல் காருக்குள் உட்கார்ந்திருக்க? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

இவர், பிறகு வரவிருந்த எய்ரிக்கோடு தொலைபேசியில் கதைத்துவிட்டு வந்தார். "இஞ்சாரும், ஒஸ்லோச் சூரியனுக்கு இண்டைக்கு ராகுகாலம் பதினொண்டரைக்குக் கிட்டத்தான் முடியுதாம். முடிஞ்ச பிறகுதான் படியேறுவாவாம்."

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். ரன்டி அவர்கள் ஊர்க் கல்யாண உடுப்பில் இருந்தாள். பூவேலை செய்த கம்பளிப் பாவாடை, நெஞ்சில் வெள்ளி அணிகள். மடியில் என் பலகார டின். இரண்டு கையாலும் பிடித்தபடி, நேரே பார்த்துக்கொண்டு, அசையாமல். காருக்குள் சூடாக்கியும் போடவில்லை, கண்ணாடி ஓரமெல்லாம் ஆவி படிந்திருந்தது.

கேத்தலை வைத்தேன். இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினேன்.

"எங்க போறீர்? ராகுகாலம்!" என்றார் இவர்.

"தெரியும். கதவைத் திறவுங்கோ, தேத்தண்ணி ஆறப்போகுது" என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பார்த்துப் பார்த்துப் படி இறங்கினேன்.